கையா, கருவியா? பட்டி எம்மன்ஸும் பெடல் ஸ்டீல் கிட்டாரும்

2024 பிப்ரவரியில் பியான்சேயின் '16 கேரியேஜஸ்' பாட்டு வெளியானது. அமெரிக்கக் கிராமியப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் காதிலும் புதிதாக ஒரு ஒலி விழுந்தது. பாடுகிறவரின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் போல வளைந்து, இழைந்து, விம்மிப் போகிறதே, அது என்ன வாத்தியம்? வயலினா, கீபோர்டா? இரண்டும் இல்லை, ஸ்டீல் கிட்டார். வாசித்தவர் ராபர்ட் ராண்டால்ஃப்.

இந்த வாத்தியத்தைப் பற்றித் தேடத் தொடங்கினால், எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் ஒரு அமெரிக்க வாசிப்பாளரின் பெயரில் வந்து முட்டுவீர்கள்: பட்டி எம்மன்ஸ். கூடவே ஒரு தீராத வழக்கும் வரும். அவருடைய நாதம் கையில் இருந்ததா, கருவியில் இருந்ததா? அவர் வாசித்த அதே கிட்டாரையும் அதே மாதிரி ஆம்ப்ளிஃபயரையும் வாங்கிவிட்டால் அந்த ஒலி வந்துவிடுமா?

எம்மன்ஸ் விஷயத்தில் இந்தக் கேள்வியே சரியாக நிற்காது என்பது என் கட்சி. மற்ற வாத்தியங்களில், யாரோ எப்போதோ செய்து முடித்த கருவியைக் கையில் எடுத்துத்தான் ஒருவர் மேதை ஆகிறார். எம்மன்ஸ் வந்தபோது வாத்தியமே அரைகுறையாகத்தான் இருந்தது. மீதியில் பெரும்பங்கைத் தன் காதுக்கு ஏற்றபடி அவரே முடித்தார். இது விளங்க, கருவியின் அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

## படுக்க வைத்த கிட்டார்

கோட்டுவாத்தியம் என்கிற சித்ரவீணையைப் பார்த்தவர்களுக்குப் பாதி விளக்கம் மிச்சம். அதில் மெட்டுகள் கிடையாது. தந்திகளின் மேல் ஒரு உருளைக் கட்டையை வைத்து நகர்த்தியே ஸ்வரம் பிடிக்கிறார்கள். ஸ்டீல் கிட்டாரிலும் அதே தத்துவம்தான். கட்டைக்குப் பதில் இரும்பு உருளை; அதை 'பார்' என்பார்கள். 'ஸ்டீல்' என்ற பெயர் இந்த இரும்பிலிருந்து வந்ததே தவிர, கிட்டாரின் உடம்பிலிருந்து அல்ல. எம்மன்ஸ் காலத்துக் கருவிகளின் உடம்பு பெரும்பாலும் மேப்பிள் மரம்.

கிட்டாரை இப்படி வாசிக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாயில் தோன்றியது. ஜோசப் கெக்குக்கு என்ற ஹவாய்க்காரரின் பெயரில்தான் அது பரவியது. இந்தியாவில் பிறந்து ஹவாய்க்குப் போன கேப்ரியல் டேவியன் என்பவர் அதற்கும் முன்பே இப்படி வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. அதை வைத்துக்கொண்டு கோட்டுவாத்தியம்தான் இதற்கெல்லாம் தாய் என்று நாம் கிளம்பிவிட வேண்டாம். கதை அவ்வளவு பாரம் தாங்காது.

பார் தரும் சுகம், வழுக்கல். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே இல்லாமல் போகலாம். அதே பார்தான் சிக்கலும். அது ஒரு நேர்கோடு. பாரை இரண்டு கட்டம் மேலே நகர்த்தினால் எல்லாத் தந்திகளும் சேர்ந்தே இரண்டு கட்டம் ஏறும். கோட்டுவாத்தியக்காரருக்கு இது பிரச்சினை இல்லை, அவர் வாசிப்பது ஒற்றை வரி இசை. மேற்கத்திய இசையில் மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் 'கார்டு' வேண்டும். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒரு ஸ்வரம் அப்படியே நிற்க, இன்னொன்று மட்டும் நகர வேண்டும். நேர்கோட்டால் அது முடியாது.

இதற்கு மூன்று வழி பார்த்தார்கள்.

1. பாரைச் சாய்த்துப் பிடிப்பது. கொஞ்சம் உதவும். ஆனால் சுருதி சுத்தமாக நிற்பது கஷ்டம், மூன்று தந்திகளுக்கு மேல் நம்ப முடியாது.

2. வெவ்வேறு சுருதி கூட்டிய இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளை, அதாவது தனித்தனித் தந்தி வரிசைகளை, ஒரே சட்டத்தில் அடுக்குவது. கருவி மேசையாகிவிடும். அப்புறமும் ஒரு கழுத்தில் அடித்த ஸ்வரத்தை இன்னொரு கழுத்துக்குக் கொண்டுபோக முடியாது.

3. பாரைத் தொடாமல் தனித் தந்தியின் சுருதியையே மாற்றுவது. காலால் ஒரு பெடலை மிதித்தால், அடியில் உள்ள கம்பிகள் வழியாக இழுப்பு போய், தந்திகளின் முனையைத் தாங்கும் பாலத்தருகே தந்தி சுற்றியிருக்கும் உலோக 'விரலை'த் திருப்பும். தந்தி இறுகும், ஸ்வரம் ஏறும்.

மூன்றாவதுதான் பெடல் ஸ்டீல். 1940 வாக்கிலேயே கிப்சன் நிறுவனம் பெடல் வைத்த கருவியை விற்றது. ஆனால் பெடலை வாசிப்புக்கு நடுவே சத்தம் வராமல் மிதித்து, சுருதிக் கூட்டலை மாற்றிக்கொண்டு, பிறகுதான் மீட்டினார்கள். கியர் மாற்றுவது மாதிரி.

1953 கடைசியில் பட் ஐசக்ஸ் என்பவர், வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' பாட்டில் தந்தியை மீட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். பார் நகரவில்லை, ஒரு ஸ்வரம் அசையாமல் நிற்கிறது, உள்ளேயிருந்து இரண்டு ஸ்வரங்கள் மட்டும் நெளிந்து மேலே ஏறுகின்றன. பாட்டு 1954-இல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஸ்டீல் வாசிப்பவர்கள் தங்கள் கருவிக்குப் பெடல் மாட்ட ஓடினார்கள். ஓடியவர்களில் ஒரு பதின்ம வயதுப் பையனும் உண்டு.

## அந்தப் பையன்

எம்மன்ஸ் 1937 ஜனவரியில் இண்டியானா மாநிலத்து மிஷவாக்காவில் பிறந்தவர். 11 வயதில் அப்பா ஆறு தந்தி வைத்த, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் ஒன்றை வாங்கித் தந்து, பக்கத்து ஊரான சவுத் பெண்டில் ஹவாய் இசைப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட்டார். 16 வயதில் படிப்பை விட்டுவிட்டு இசைக்குழுக்களோடு கிளம்பினார். 1955-இல், 18 வயதில், பாடகர் லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸின் குழுவில் சேர்ந்து, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கு வந்தார். 1957-இல் எர்னஸ்ட் டப், 1962-இல் ரே பிரைஸ் என்று அன்றைய பெரிய பெயர்களின் மேடைகளில் உட்கார்ந்தார். மற்ற விவரங்களைப் போகிற போக்கில் சொல்கிறேன். அவர் வாழ்க்கையில் முக்கியமான சம்பவங்கள் கருவியின் அடிவயிற்றில்தான் நடந்தன.

## ஒரு பெடலை இரண்டாக உடைத்தது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நம் ஸ்வரப் பெயர்களிலேயே சொன்னால் மேற்கத்திய எழுத்துகளை விடச் சுலபமாக விளங்கும்.

கன்ட்ரி இசையில் அதிகம் புழங்கும் கழுத்துக்கு 'இ நைன்த்' என்று பெயர். அதில் பெடல் எதுவும் மிதிக்காமல் முக்கியமான தந்திகளை மீட்டினால் ச, அந்தர காந்தாரம், ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். மேற்கத்தியக் கணக்கில் அது மேஜர் கார்டு.

ஐசக்ஸின் பெடல் ஒரே மிதியில் இரண்டு வேலை செய்தது. காந்தாரத்தைச் சுத்த மத்யமத்துக்கு ஏற்றியது. பஞ்சமத்தைச் சதுச்ருதி தைவதத்துக்கு ஏற்றியது. ச–க–ப என்பது ச–ம–த ஆகிவிடும். அதாவது மத்யமத்தை ஆதாரமாகக் கொண்ட இன்னொரு மேஜர் கார்டு. பாட்டில் அடிக்கடி போய்வர வேண்டிய இடம் அது, ஒரே மிதியில் கிடைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் போவது, வருவது என்ற இரண்டு நிலை மட்டும்தான் உண்டு.

1956-இல் எம்மன்ஸ் அந்த இரண்டு வேலைகளையும் பிரித்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெடல்களாக்கினார். இன்று அவற்றை ஏ பெடல், பி பெடல் என்கிறார்கள். ஏ பெடல் பஞ்சமத்தைத் தைவதமாக்கும். பி பெடல் காந்தாரத்தை மத்யமமாக்கும். செய்தது இவ்வளவுதான். இதனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள், பார் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு:

1. எதுவும் மிதிக்கவில்லை: ச–க–ப. மேஜர்.

2. இரண்டையும் மிதித்தால்: ச–ம–த. ஐசக்ஸிடம் இருந்தது.

3. ஏ மட்டும்: ச–க–த. இதுதான் அந்த மேஜர் கார்டுக்குச் சொந்தக்கார மைனர் கார்டு ('ரிலேடிவ் மைனர்'). ஒரே மிதியில் முகம் மாறிச் சோகம் வந்துவிடுகிறது. ஐசக்ஸின் கருவியில் இது கிடையாது.

4. பி மட்டும்: ச–ம–ப. எங்கும் போய்ச் சேராமல், தீராமல் நிற்கிற ஒலி. பெடலை விட்டால் மத்யமம் காந்தாரத்தில் இறங்கி உட்காரும். கன்ட்ரி பாட்டில் ஒரு பெருமூச்சு கேட்டால் பாதி நேரம் அது இதுதான்.

5. இரண்டையும் மிதித்து, ஒன்றை முதலில், மற்றதைச் சற்றுப் பின்னால் விட்டால்: இரண்டு ஸ்வரங்கள் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு வேகத்தில் இறங்கும். இரண்டு பேர் ஜோடியாகப் பாடுவது போல.

ஐந்தாவதில் கவனிக்க வேண்டியது, இடது கணுக்கால். பெடல்கள் ஒட்டி இருப்பதால் ஒரே பாதம் இரண்டையும் மூடும். பாதத்தை லேசாக இடப்பக்கம் உருட்டினால் ஏ அழுந்தும், வலப்பக்கம் உருட்டினால் பி. மிதி முழுசாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பாதி அழுத்தி, அங்கேயே நிறுத்தி, பிறகு மெதுவாக மீதியை அழுத்தலாம். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வாசிப்பவரின் விரல் செய்யும் வேலையை இங்கே கணுக்கால் செய்கிறது.

பெடலோடு முழங்கால் நெம்புகோல்களும் சேர்ந்தன. சட்டத்தின் அடியில் தொங்கும் இந்தத் தகடுகளை முழங்காலால் இடத்திலோ வலத்திலோ தள்ளலாம். ஒன்று ஷட்ஜத் தந்தியை அரை இடைவெளி ஏற்றும், இன்னொன்று அதையே இறக்கிக் காகலி நிஷாதமாக்கும். இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால் என்று ஆறும் ஒரே சமயத்தில் வேலை செய்கிற வாத்தியம் வேறு எதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

## ஓரத்தில் மாட்டிய இரண்டு தந்திகள்

1962-இல் எம்மன்ஸ் செய்த இன்னொரு மாற்றம் முதல் பார்வைக்கு அபத்தமாகத் தெரியும். வாசிப்பவருக்கு எட்டத்தில் இருக்கும் ஓரத்தில் இரண்டு தந்திகளைச் சேர்த்தார். ஓரத்தில் இருப்பது உச்ச ஸ்வரமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. அவை இரண்டும் மூன்றாம் தந்தியை விடத் தாழ்ந்தவை. முதல் தந்தி சதுச்ருதி ரிஷபம், இரண்டாம் தந்தி காகலி நிஷாதம். சுருதி வரிசையில் நடுவே இருக்க வேண்டியவற்றை ஓரத்தில் கொண்டுபோய் மாட்டியிருந்தார்.

காரணம் இது. கார்டு வாசிக்கப் பழகிய விரல்கள் நடுத் தந்திகளின் இடைவெளிக்குப் பழகிவிட்டன. அங்கே புதுத் தந்தியைச் செருகினால் பழைய பிடிகள் எல்லாம் கலைந்துவிடும். ஓரத்தில் மாட்டினால் வேண்டும்போது மட்டும் எட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இதன் பலனை நம் கணக்கில் பார்த்தால் ரொம்ப அழகாக இருக்கிறது. இன்றைய பத்துத் தந்திக் கழுத்தில், பாரை அசைக்காமல் கீழ் ஷட்ஜத்தில் தொடங்குங்கள். எட்டாம் தந்தி ச. ஏழாம் தந்தி ரி. ஆறாம் தந்தி க. அதே தந்தியில் பி பெடல், ம. ஐந்தாம் தந்தி ப. அதே தந்தியில் ஏ பெடல், த. எட்டிப் போய் இரண்டாம் தந்தி, நி. திரும்பி வந்து நான்காம் தந்தி, மேல் ச. முழுச் சங்கராபரணமும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது. இரண்டாம் தந்தி இல்லையென்றால் நிஷாதத்துக்காக நெம்புகோலைத் தேட வேண்டும், அல்லது பாரை நகர்த்த வேண்டும்.

இன்று கடையில் வாங்கும் சாதாரண பெடல் ஸ்டீலில் இந்த இரண்டு தந்திகளும் இருக்கும், ஏ–பி பெடல்களும் பிரிந்தே இருக்கும். பெடல்களின் வரிசையில் மட்டும் 'எம்மன்ஸ் முறை', 'டே முறை' என்று இரண்டு உண்டு. ஜிம்மி டே அதே காலத்து இன்னொரு பெரிய வாசிப்பாளர். அவர் முறையில் பெடல்கள் வலமிடமாக மாறியிருக்கும். கருவிக்குச் சொல்லிவைக்கும்போதே உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்பார்கள். பழகிய பிறகு மாற்றுவது, இடக்கையால் எழுதப் பழகுவது மாதிரி.

## இழுப்பும் தள்ளலும்

1957 வாக்கில் எம்மன்ஸும் இன்னொரு ஸ்டீல் வாசிப்பாளரான ஷாட் ஜாக்சனும் சேர்ந்து பெடல் ஸ்டீல் செய்யும் நிறுவனம் தொடங்கினார்கள். இரண்டு பேர் பெயரையும் ஒட்டி 'ஷோ-பட்' என்று வைத்தார்கள். 1963-இல் எம்மன்ஸ் அங்கிருந்து பிரிந்து, ரான் லாஷ்லியோடு சேர்ந்து தன் பெயரிலேயே நிறுவனம் ஆரம்பித்தார். பட்டறை வட கரோலைனாவின் பர்லிங்டனில். அங்கே செய்த 'புஷ்-புல்' கருவிகளைத்தான் இன்றும் பழைய கருவி தேடுபவர்கள் துரத்துகிறார்கள்.

பெயருக்கு அர்த்தம்: ஸ்வரத்தை ஏற்றக் கம்பி இழுக்கும், இறக்கக் கம்பி தள்ளும். இன்று பெரும்பாலான கருவிகள் ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் இழுப்பையே பயன்படுத்துகின்றன. தந்தியைத் தாங்கும் உலோக விரல் பழைய இடத்துக்கு வர ஸ்பிரிங் உதவுகிறது. புஷ்-புல்லில் யாரும் பெடலைத் தொடாதபோது அந்த விரல் தன் முட்டுக்கட்டையில் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருக்கும். தந்தியின் அதிர்வு ஸ்பிரிங்கில் தொங்காமல் நேராக உடம்புக்குள் இறங்குகிறது, அதனால்தான் ஓசை நீளமாகவும் திடமாகவும் நிற்கிறது என்பது வாசிப்பவர்கள் சொல்லும் விளக்கம். பொறியியல் ரீதியாக நியாயமாகத்தான் படுகிறது.

விலையும் உண்டு. இந்த அமைப்பைச் சுருதி சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று நகரும். எதை முதலில், எதை அடுத்து என்று வரிசை உண்டு. மாறாக, எல்லாம் இழுக்கும் வகையில் கருவியின் வலது ஓரத்தில் வரிசையாக நைலான் திருகுகள் இருக்கும். ஒவ்வொரு பெடலும் ஒவ்வொரு தந்தியை எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதைத் தனித்தனியாகத் திருகிக்கொள்ளலாம். மேடை ஏறுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எது வேண்டும் என்று கேட்டால் பதில் தெரிந்ததுதான். எம்மன்ஸ் நிறுவனமே பிறகு 'லெக்ராண்ட்' என்ற இழுப்பு வகையைக் கொண்டுவந்தது. எம்மன்ஸ் அதையும் வாசித்தார். கேட்டால் அதிலும் அவர்தான் தெரிகிறார்.

இங்கே மூன்றாம் தந்திக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். பத்தில் மிக மெல்லியது, 0.011 அங்குலம். பி பெடலை மிதிக்கும்போதெல்லாம் இன்னும் இறுக வேண்டும். ஒரு கச்சேரியில் நூற்றுக்கணக்கான முறை இறுகித் தளரும் அந்தத் தந்திதான் முதலில் அறும். ஸ்டீல் வாசிப்பவர் பெட்டியைத் திறந்து பார்த்தால் மற்ற தந்திகள் ஒன்றிரண்டும், மூன்றாம் தந்தி ஒரு கட்டும் இருக்கும்.

## கை செய்கிற வேலை

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெடல் ஸ்டீல் தானாக அழகாக ஒலிக்காது. சொல்லப்போனால் சும்மா விட்டால் அசிங்கமாக ஒலிக்கும். ஏன் என்பதை நான்கு இடங்களில் பார்க்கலாம்.

1. நிறுத்துவது. சாதாரண கிட்டாரில் இடக்கை விரலை எடுத்தால் ஸ்வரம் நின்றுவிடும். இங்கே பார் தந்தியின் மேலேயே கிடக்கிறது, அடித்ததெல்லாம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அடுத்த ஸ்வரத்துக்குப் போகும்போது முந்தையது குழைந்து கூழாகும். அதனால் ஒவ்வொன்றையும் வலக்கைதான் அடக்க வேண்டும். ஒரு வழி, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தைத் தந்திகள் மேல் பட்டும் படாமல் வைத்துத் தூக்குவது. இன்னொரு வழி, மீட்டிய விரலையே திரும்ப அதே தந்தியில் இறக்கி அடக்குவது. விரலில் உலோக நகமும் கட்டைவிரலில் பிளாஸ்டிக் நகமும் மாட்டியிருப்பதால், கவனம் தப்பினால் கிளிக் என்று கேட்கும். எம்மன்ஸின் வேகமான வரிகளில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி முத்தாக விழுகிறது என்று புகழ்கிறார்களே, அது மீட்டலைப் பற்றிய புகழ்ச்சி மட்டும் இல்லை. இரண்டு மீட்டலுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் அடக்கலைப் பற்றியதும்தான்.

2. பாரை வைப்பது. கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை, வழவழப்பான முனை. அழுத்தினால் சுருதி கோணும், தூக்கினால் கரகரக்கும். எடை தன்பாட்டில் உட்கார வேண்டும். பாருக்குப் பின்னால் இடக்கையின் கடைசி விரல்கள் தந்தியில் படர்ந்து, பின்பக்கத்து இரைச்சலை அடக்கும். அதிர்வு கொடுக்க பார் முன்னும் பின்னும் மிகச் சிறிதாக ஆடும். ஆட்டம் அகலமானால் பழைய ஹவாய் வாசனை அடிக்கும், ரொம்பக் குறைந்தால் செத்துப்போகும். எம்மன்ஸ் பெரும்பாலும் ஸ்வரத்தை முதலில் நேராக நிற்கவிட்டு, பிறகுதான் ஆட்டத்தைத் தொடங்குவது போல என் காதுக்குப் படுகிறது.

3. வலது பாதம். அதன் அடியில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பெடல் இருக்கிறது. மீட்டிய தந்தியின் ஒலி முதல் நொடியில் உச்சம், பிறகு தேய்மானம். வாசிப்பவர் பெடலைப் பாதி அளவில் வைத்து மீட்டி, ஒலி தேயத் தேயப் பெடலை அழுத்திக்கொண்டே போவார். தேய்வதும் ஏற்றுவதும் ஈடாகிவிடுவதால், வில் போட்டது போல ஸ்வரம் ஒரே அளவில் நீள்கிறது. வயலின் என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். புதிதாகக் கற்பவர்கள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் காலை உந்தி உந்தி எழுப்புவார்கள், கேட்பதற்கு மூச்சிரைப்பது போல இருக்கும். நன்றாக வாசிப்பவரின் பாதம் வேலை செய்வதே கேட்காது.

4. சுருதி. தம்புராவில் தானாகக் கிளம்பும் காந்தாரத்தைக் கேட்டிருப்பீர்கள். கீபோர்டில் உள்ள காந்தாரம் அதை விடச் சற்றுக் கூடுதல். அரை ஸ்வர இடைவெளியை 100 பங்காகப் பிரித்தால் கிட்டத்தட்ட 14 பங்கு வித்தியாசம். ஸ்டீல் கிட்டாரில் ஸ்வரங்கள் நீளமாக நிற்பதால் இந்த வித்தியாசம் பளிச்சென்று காதில் குத்தும். அதனால் பலர் காந்தாரத் தந்தியைச் சுருதிமானி காட்டும் அளவை விடக் கொஞ்சம் தாழ்த்தியே கூட்டுகிறார்கள். தாழ்த்தினால் பியானோவோடு சேரும்போது உரசும். போதாததற்கு, பெடலை மிதிக்கும்போது இழுவையில் மர உடம்பே மயிரிழை வளைந்து, தொடாத தந்திகளின் சுருதியும் துளி இறங்கும். எந்தச் சமரசம் செய்தாலும் கடைசியில் பாரை ஒரு நூல் அளவு மேலே கீழே வைத்துச் சரிக்கட்டுவது காதுதான். தந்திக்கு அடியில் போட்டிருக்கும் மெட்டுக் கோடுகள் வழிகாட்டிப் பலகை மட்டுமே. அவற்றின் மேல் பாரை அப்படியே வைத்து நம்பினால் அபஸ்வரம் நிச்சயம்.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றி ரொம்பச் சொல்வதற்கில்லை. ஸ்டீலுக்கு வேண்டியது சுத்தம். மூன்று ஸ்வரங்கள் மூன்று திசையில் வழுக்கும்போது ஒலி கொஞ்சம் உடைந்து கரகரத்தாலும் எல்லாம் சேறாகிவிடும். அதனால் 15 அங்குல ஸ்பீக்கரும், தேவையை விடப் பல மடங்கு வாட் திறனும் வைத்துக்கொண்டு மெதுவாக வாசிப்பார்கள். ஒலி பெடலைக் கடைசிவரை மிதித்தாலும் உடையாமல் இருக்கத்தான் அந்தத் திறன்.

## வழக்குக்கு வருவோம்

கையா, கருவியா என்பதற்கு இப்போது இரண்டு சாட்சிகள்.

ஒன்று, 1963-இல் வந்த 'ஸ்டீல் கிட்டார் ஜாஸ்' என்ற அவருடைய இசைத்தட்டு. நியூயார்க்கில், சாக்ஸஃபோன் ஜெரோம் ரிச்சர்ட்சன் போன்ற ஜாஸ் கலைஞர்களோடு பதிவானது. புஷ்-புல் கருவிகள் சந்தைக்கு வருவதற்கு முன்னால். கன்ட்ரிக்காரரின் அழுகை வாத்தியம் என்று ஒதுக்கப்பட்டதை வைத்துக்கொண்டு சாக்ஸஃபோனுக்கு ஈடாக வேக வரிகள் வாசிக்கிறார். இன்று எல்லோரும் தேடும் அந்தப் பெட்டி இல்லாமலே நாதம் இருக்கிறது. இது கைக்குச் சாதகம்.

இரண்டு, 1968-இல் ஜூடி காலின்ஸ் பாடிய 'சம்டே சூன்'. அப்போது எம்மன்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார், பாடகர் ரோஜர் மில்லருக்குப் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே ஒலிப்பதிவுகளுக்கும் போய்வந்தார். பாட்டில் பாடகி வரியை முடிக்கும் இடத்தில் ஸ்டீல் நுழைந்து பதில் சொல்லிவிட்டு, அடுத்த வரி தொடங்குமுன் ஒதுங்கிவிடும். அந்தப் பதில்களில் உள்ளே ஒரு ஸ்வரம் நிற்க, இன்னொன்று நகர்வது எல்லாம் பிரித்த பெடல்களும் ஓரத் தந்திகளும் இல்லாவிட்டால் கையில் எவ்வளவு திறமை இருந்தாலும் நடக்காது. இது கருவிக்குச் சாதகம். ஆனால் அந்தக் கருவியை அப்படி ஆக்கியது யார் என்று கேட்டால் மறுபடி அதே ஆளிடம் வந்து நிற்கிறோம்.

ஆகவே அவர் வைத்திருந்ததைப் போன்ற பழைய புஷ்-புல்லை வாங்குகிறவருக்கு அந்த நாதம் கிடைக்காது. அது வலக்கை ஓரத்தில் பல வருஷம் உட்கார வேண்டியது. அதே சமயம் எந்த நிறுவனத்தின் சாதாரண பத்துத் தந்திக் கருவியை வாங்கினாலும் எம்மன்ஸின் ஒரு பகுதி கூடவே வந்துவிடுகிறது.

## ராண்டால்ஃப் வேறு வீட்டுப் பிள்ளை

தொடங்கிய இடத்தில் ஒரு திருத்தம் பாக்கி. '16 கேரியேஜஸ்' பாட்டில் கேட்டதை எம்மன்ஸ் பரம்பரையின் தொடர்ச்சி என்று நினைத்தால் தவறு. ராண்டால்ஃப் வருவது 'சேக்ரட் ஸ்டீல்' என்ற மரபிலிருந்து. அமெரிக்கக் கறுப்பின பெந்தகோஸ்தே சபைகளில், 1930-களில் ட்ரோமன் ஈசன், வில்லி ஈசன் என்ற சகோதரர்கள் வழியாக ஹவாய் ஸ்டீல் ஆராதனைக்குள் நுழைந்தது. அங்கே அதன் வேலை பாடகருக்குப் பதில் சொல்வது மட்டும் இல்லை, பிரசங்கியின் குரலையே ஏந்திக்கொண்டு சபையை எழுப்புவது. ராண்டால்ஃபின் கருவியில் 13 தந்திகள், ஒற்றைக் கழுத்து. சுருதிக் கூட்டலும் வேறு. எம்மன்ஸ் உடையவே கூடாது என்று காத்த ஒலியை ராண்டால்ஃப் வேண்டுமென்றே உடைத்து, கிழித்து வாசிப்பார். ஹவாயிலிருந்து கிளம்பிய ஒரே இரும்புத் துண்டு, நாஷ்வில் ஸ்டூடியோவுக்கு ஒரு வழியாகவும் ஆராதனைக் கூடத்துக்கு இன்னொரு வழியாகவும் போயிருக்கிறது. எம்மன்ஸ் 2015 ஜூலையில் காலமானார். அவருடைய ஒலியைக் கேட்க விரும்புகிறவர் ஜூடி காலின்ஸ் பாட்டில் தொடங்கலாம். அப்புறம் அந்த ஜாஸ் தட்டு.